உடைஞ்ச நாற்காலிக்கு ரிஜிஸ்டர் இருக்கு, போன் ஆப்புக்கு இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல மர நாற்காலி ஒண்ணு கால் ஒடிஞ்சு போச்சுன்னா அத சும்மா தூக்கிப் போட்டுட முடியாது, தெரியுங்களா? தளவாடப் பதிவேட்டுல அது எந்தப் பக்கம், எந்த வருஷம் வந்துச்சு, யார் கொடுத்தாங்க, விலை என்ன எல்லாம் இருக்கும். ஆண்டாய்வுக்கு வர்ற அதிகாரி ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்து பக்கத்துல டிக் அடிப்பார், உதவாதத தனியா லிஸ்ட் எடுத்து, அனுமதி வாங்கி, கண்டம் பண்ணி, அதாவது உதவாதுன்னு எழுதிக் கழிச்சு, அதுக்கப்புறம்தான் அது கொல்லைப்பக்கம் போகும். நான் 34 வருஷம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள்ல வேலை பாத்து ஹெச்.எம்.மா ரிட்டயர் ஆனவன். ஒரு ஆண்டாய்வுல ஒரு இரும்பு வாளி குறைஞ்சுது. ஒரே ஒரு வாளி. மத்தியானம் வரைக்கும் தேடினோம், கடைசியில சத்துணவுக் கூடத்துல அரிசி கழுவ எடுத்துட்டுப் போயிருந்தாங்க, ஆயாம்மா சிரிச்சுக்கிட்டே கொண்டாந்து வச்சாங்க, ஆனா அதுக்குள்ள ரிமார்க்ஸ் எழுதியாச்சு. அந்த வாளிக்கு நான் விளக்கக் கடிதம் எழுதி அனுப்பினேன் சார்.

அவ்வளவு கறாரா இருந்த அதே டிபார்ட்மென்ட்ல இன்னைக்கு ஒரு டீச்சர் போன்ல எத்தன ஆப் இருக்கு, எத்தன லாகின் இருக்கு, அதுல எது உயிரோட இருக்கு எது செத்துப் போச்சுன்னு கேட்டா சொல்றதுக்கு ஒரு பேப்பர் கிடையாது. நானும் பலபேர கேட்டுப் பாத்துட்டேன். இதத்தான் சொல்ல வந்தேன், கொஞ்சம் நீளமா போகும், இடம் இருந்தா போடுங்க இல்லன்னா வெட்டிக்கங்க.

என் மருமக கல்வராயன் மலை அடிவாரத்துல ஒரு ஈராசிரியர் பள்ளியில டீச்சர். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் க்ளாஸ், ரெண்டே டீச்சர், அதுல ஒருத்தர் ட்ரெய்னிங் கிட்ரெய்னிங்னு போயிட்டா அன்னைக்கு முழுசும் இந்தப் பொண்ணு ஒருத்திதான். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை லீவுக்கு வந்திருந்தப்போ ரெண்டு பேரும் உக்காந்து அவ போன்ல ஸ்கூல் வேலைக்குன்னு இருக்கறத எண்ணிப் பாத்தோம். வருகைப்பதிவுக்கு ஒண்ணு, பசங்களுக்கு பாடம் காட்டறதுக்கு ஒண்ணு, மதிப்பீட்டுக்கு ஒண்ணு, டீச்சர் ட்ரெய்னிங் கோர்ஸ் முடிக்கறதுக்கு ஒண்ணு, சம்பளம் லீவுக்கு ஒண்ணு, கூட்டம் நடந்தா போட்டோ ஏத்தறதுக்கு ஒண்ணு, இது போக ப்ரவுசர்ல தொறக்கற ரெண்டு மூணு போர்ட்டல், இது போக வாட்ஸ்அப் குரூப், அது ஒன்றிய குரூப் தனி, குறுவள மைய குரூப் தனி, ஹெச்.எம். குரூப் தனி, ஒரு திட்டத்துக்கு ஒரு குரூப் தனி. இதுல சொல்லாம விட்டதையும் சேத்து ஆப் மட்டும் 11 வந்துச்சு. அதுல நாலு ஆப்ப தொறந்து வருஷக்கணக்கு ஆச்சுங்குது. "அப்ப அழிச்சிட வேண்டியதுதானேம்மா"ன்னு கேட்டேன். "யாரும் அழிக்கச் சொல்லல மாமா, நாளைக்கே திடீர்னு கேட்டா என்ன பண்றது, பாஸ்வேர்டு வேற மறந்து போச்சு"ன்னா.

யாரும் அழிக்கச் சொல்லல. அந்த வார்த்தைய கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க சார். நாற்காலிய கண்டம் பண்ண ஒரு ஜி.ஓ. இருக்கு, ஆப்ப கண்டம் பண்ண ஒருத்தர் வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதில்ல.

அந்த ஸ்கூல்ல சிக்னல் எங்க கிடைக்கும்னா கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல இருக்கற வேப்ப மரத்தடியில. காலைல ப்ரேயர் முடிஞ்ச உடனே பசங்க உள்ள போவாங்க, இவ வருகைப்பதிவ ஏத்த போன தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மரத்தடியில நிப்பா. வட்டம் சுத்தும். சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்குள்ள உள்ள ரெண்டு பசங்களுக்குள்ள அடிதடி ஆகி ஒருத்தன் அழுதுகிட்டு வந்து நிப்பான், ஒரு கையில அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில போன். ஏறிடுச்சான்னு பாத்தா லாக் அவுட் ஆகியிருக்கும், மறுபடி ஓடிபி, அந்த ஓடிபி வர்ற நம்பரு ஹெச்.எம். போன், அவங்க அன்னைக்கு வட்டார வள மையத்துல மீட்டிங். இது நான் கேள்விப்பட்ட கதை இல்ல, ஒரு நாள் அவளுக்கு டிபன் பாக்ஸ் கொடுக்கப் போயிருந்தப்போ நானே பக்கத்துல நின்னு பாத்தது, கடியாரத்தப் பாத்தேன், 25 நிமிஷம். சரி ஏத்தியாச்சு. ஆனா உள்ள போய் அவ முதல் வேலையா என்ன பண்ணா தெரியுங்களா, மேசை ட்ராயர்ல இருந்து நீள நோட்ட எடுத்து, வருகைப் பதிவேடு, அதுலயும் இன்னொரு தடவ பேர் கூப்பிட்டு எழுதறா. எதுக்குன்னா விசிட் வர்றவங்க அதையும் கேப்பாங்களாம்.

ஒரே தகவல ரெண்டு மூணு இடத்துல கேக்கறதுதான் இதுல பெரிய கொடுமை, ஆப்போட எண்ணிக்கை கூட அடுத்ததுதான். போர்ட்டல்ல ஏத்தியாச்சு, அது மேல இருக்கற எல்லா ஆபீசுக்கும் தெரியும், இருந்தாலும் சாயங்காலம் வாட்ஸ்அப்ல ஒரு கூகுள் ஷீட் வரும், "மிக மிக அவசரம், தனி கவனம், இன்று மாலை 4 மணிக்குள், இன்மை எனில் இன்மை அறிக்கை அனுப்பவும்". ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கு ஒரு அறிக்கை. எங்க காலத்துலயும் இன்மை அறிக்கை இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா அப்ப அத எழுதிக் கொடுத்தா ஒரு ஃபைல்ல போய் சேந்துடும், ஒரு தடவையோட முடிஞ்சிடும்.

ஒரு குழந்தைக்கு எத்தன நம்பர்னு பாருங்க. ஸ்கூல் சேர்க்கைப் பதிவேட்டுல ஒரு சேர்க்கை எண். எமிஸ்னு மாநில அரசோட ஆன்லைன் மாணவர் பதிவேட்டுல ஒரு எண். மத்திய அரசோட பள்ளிக் கணக்குத் தளமான யூடைஸ் பிளஸ்ல 11 இலக்கத்துல நிரந்தரக் கல்வி எண். இப்ப அது போதாதுன்னு அபார்னு நாடு முழுக்க ஒரே மாணவர் அடையாள எண், 12 இலக்கம். எல்லாத்துக்கும் அடியில ஆதார் 12 இலக்கம். இந்த அஞ்சு இடத்துலயும் பேர் ஒரே மாதிரி இருக்கணும். நம்ம ஊர்ல பேருக்கு இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, அப்பா பேர முழுசா போடணுமா, ஒரு எழுத்து போதுமான்னு ஆதார் எடுக்கறவர் அன்னைக்கு எந்த மூடுல இருந்தாரோ அப்படி இருக்கும். அந்த டேட்டாபேஸ போட்டவங்களுக்கு முதல் பேர், கடைசிப் பேர்னுதான் தெரியும், நம்ம பசங்களுக்கு கடைசிப் பேருக்கு எங்க போறது? ஸ்பெல்லிங் பொருந்தலன்னு திரும்பி வரும், அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்ட வெளியூர் போயிருப்பாங்க, டீச்சர் போன் பண்ணி ஆதார் சென்டருக்குப் போங்கன்னு கெஞ்சணும். இது பாடம் நடத்தற வேலையா?

நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்ல, அத முதல்ல சொல்லிடறேன், ஏன்னா ரிட்டயர் ஆன வாத்தியார் எழுதினாலே பழம்பெருமை பேசறான்னு நினைப்பாங்க. செப்டம்பர் 30-ஆம் தேதிக் கணக்குன்னு டைஸ்ங்கற வருஷாந்திர பள்ளிக் கணக்குப் படிவம் நிரப்பினவன் நான், கார்பன் பேப்பர் வச்சு, வகுப்பு வாரியா இன வாரியா ஆண் பெண் வாரியா, ஒரு கட்டத்துல கூட்டல் இடிச்சா எல்லாக் கட்டமும் இடிக்கும், ராத்திரி பத்து மணி வரைக்கும் அரிக்கேன் வெளிச்சத்துல உக்காந்திருக்கேன். எமிஸ் வந்ததுக்கப்புறம் அந்தத் தொல்லை போச்சு. ஒரு பையன் ஸ்கூல் மாறினா எங்க போனான்னு தெரியுது, இடைநின்ற பிள்ளைய தேட முடியுது, ஒரே பையன் பேர் ரெண்டு ஸ்கூல்ல இருக்கற கூத்து குறைஞ்சிருக்கு, விலையில்லா நோட்டு செருப்பு பை எல்லாம் எத்தன பேருக்குப் போச்சுன்னு கணக்கு நேர்மையா வருது. இதெல்லாம் உண்மை. ஒரு நல்ல ரிஜிஸ்டர் வந்துச்சு. அது மேல ஒம்பது ரிஜிஸ்டர ஏத்தி வச்சதுதான் தப்பு.

எப்படி இத்தன சேந்துச்சுன்னு யோசிச்சா ஒண்ணு புரியுது. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல. 2017-ல மத்திய அரசு திக்ஷாங்கற ஆன்லைன் பாடத் தளத்த கொண்டு வந்துச்சு. 2018-ல நம்ம மாநிலத்துல புதுப் புத்தகம் வந்தப்ப க்யூஆர் கோடு போட்டாங்க. 2019-ல கல்வித் தொலைக்காட்சி. கொரோனா வந்துச்சு, 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி. 2022-ல நான் முதல்வன், அதே வருஷம் ஜூன்ல எண்ணும் எழுத்தும், செப்டம்பர்ல காலை உணவுத் திட்டம். 2023-ல மணற்கேணிங்கற பாட வீடியோ ஆப். இதுல குறை சொல்ல ஒரு திட்டமும் எனக்குத் தோணல, காலை உணவு வந்ததுக்கப்புறம் பசங்க முகம் எப்படி மாறிச்சுன்னு என் மருமக சொல்வா. ஆனா ஒவ்வொரு திட்டமும் வரும்போது கூடவே ஒரு ஆப்போ, ஒரு லாகினோ, போர்ட்டல்ல புதுசா ஒரு பட்டனோ வந்துடுது, கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரி, வந்தவங்கள வாங்கன்னு சொல்ல ஆள் இருக்கு, எப்ப கிளம்பறீங்கன்னு கேக்கத்தான் ஆள் இல்ல. தொடக்கக் கல்வி இயக்குநரகம் ஒண்ணு கேக்கும், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி ஒண்ணு கேக்கும், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒண்ணு கேக்கும், ஒருத்தர் கேக்கறது இன்னொருத்தருக்குத் தெரியாது, ஆனா எல்லாக் கேள்வியும் கடைசியில வந்து விழறது அந்த வேப்ப மரத்தடியிலதான்.

2023-ல டிட்டோஜாக்ங்கற தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கங்களோட கூட்டமைப்பு போராட்டம் அறிவிச்சப்போ எமிஸ் பதிவேற்ற வேலையில இருந்து எங்கள விடுங்கன்னுதான் ஒரு முக்கிய கோரிக்கை. வருகைப்பதிவு தவிர மத்தத ஆசிரியர்கள் செய்ய வேண்டாம்னு அரசு தரப்புல சொன்னாங்க. சந்தோஷம். ஆனா வேலைய ஒரு ஆள்கிட்ட இருந்து எடுத்து இன்னொரு ஆள்கிட்ட கொடுக்கறது ஒரு தீர்வு, அந்த வேலை வேணுமான்னு கேக்கறது வேற தீர்வு. முதலாவத யோசிச்சாங்க, ரெண்டாவத இன்னும் யாரும் கேக்கல. ஈராசிரியர் பள்ளிக்கு ஆள் எங்க இருந்து வருவாங்க, அது இருக்கட்டும்.

பொருளுக்கு இந்தக் குழப்பம் இல்ல பாருங்க. 79,723 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு கைக்கணினி கொடுத்தாங்க, 22,931 திறன்மிகு வகுப்பறைன்னு அறிவிச்சாங்க, நம்பர் ஒத்தை எண்ணிக்கை வரைக்கும் சுத்தமா இருக்கு, எந்த ஸ்கூல்ல எந்த சீரியல் நம்பர்னு ரிஜிஸ்டர்ல ஏறியிருக்கும். அந்த டேப்லெட்டுக்குள்ள என்னென்ன ஓடுதுன்னு அதே மாதிரி ஒரு லிஸ்ட் கேளுங்க பாப்போம்.

சரி, அரசு ஸ்கூல்தான் இப்படின்னு நினைக்காதீங்க, என் பேத்தி டவுன்ல ஒரு தனியார் ஸ்கூல்ல நாலாவது படிக்கறா, அங்க கதை இன்னும் ரகளை. ஃபீஸ் கட்ட ஒரு ஆப், ஹோம்வொர்க்குக்கு ஒரு ஆப், வேன் எங்க வருதுன்னு பாக்க ஒரு ஆப், கணக்குப் பயிற்சிக்கு இன்னொரு கம்பெனியோட ஆப், அதுக்கு வருஷ ஃபீஸ்லயே தனியா காசு. ஒரு நாள் மழைக்கு லீவு விட்டாங்க, அந்த செய்தி நாலு இடத்துல வந்துச்சு, மூணுல லீவுன்னு இருக்கு, ஒண்ணுல மட்டும் "ரெகுலர் வொர்க்கிங் டே", பழைய மெசேஜ் மாத்தாம அப்படியே கிடந்திருக்கு. நான் அந்த நாலாவதப் பாத்துட்டு குடைய எடுத்துக்கிட்டு பேத்தியக் கூட்டிட்டுப் போய் கேட்டுல நின்னேன். வாட்ச்மேன் என்னப் பாத்த பார்வை இருக்கே!

அது சிரிச்சுட்டுப் போற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ஸ்கூல்ல ஹோம்வொர்க் ஆப்ப மாத்தினாங்க, பழைய கம்பெனி வேண்டாம்னு புது கம்பெனி. பழைய ஆப்ப நான் போன்ல அழிக்காம விட்டிருந்தேன், சமீபத்துல ஏதோ தேடும்போது கை பட்டு தொறந்துடுச்சு. பேத்தி ரெண்டாவது படிக்கும்போது எடுத்த போட்டோ, ரெட்டை ஜடை, முன்பல்லு ரெண்டும் இல்லாம. பிறந்த தேதி, ரத்த வகை, வீட்டு அட்ரஸ், என் பையன் நம்பர், மருமக நம்பர், வேன் ஏறுற இடம். எல்லாம் அப்படியே இருக்கு. ஸ்கூலுக்கும் அந்தக் கம்பெனிக்கும் இப்ப சம்பந்தமே இல்ல. ஆபீஸ்ல போய் கேட்டேன், "இத எப்ப அழிப்பாங்க, அழிக்கச் சொல்லி நீங்க எழுதிக் கொடுத்தீங்களா"ன்னு. அந்தப் பொண்ணு பாவம், புதுசா சேந்தவ போல, "சார் அது பழைய வெண்டர் சார்"னு மட்டும் சொன்னா. ஒரு வாளி காணாமப் போனதுக்கு நான் விளக்கம் எழுதினேன். ஒரு ஸ்கூல் பசங்களோட முழு ஜாதகமும் யார்கிட்டயோ இருக்கு, அதுக்கு விளக்கம் கேக்கவும் ஆள் இல்ல, எழுதவும் ஆள் இல்ல.

இது பயமுறுத்தறதுக்காக சொல்லல. அமெரிக்கா கனடாவுல நடந்ததப் பாருங்க. அங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னு இருக்கு, நம்ம கல்வி மாவட்டம் மாதிரி பேர்தான், ஆனா அதுக்கு தனி போர்டு தனி பட்ஜெட், அவங்களே சாஃப்ட்வேர் வாங்கிக்கலாம். பவர்ஸ்கூல்னு ஒரு பெரிய கம்பெனி, வட அமெரிக்கா முழுக்க பள்ளிக்கூடங்களோட மாணவர் கணக்க வச்சிருக்கறது. 2024 டிசம்பர்ல திருடுபோன ஒரு லாகின வச்சு உள்ள புகுந்துட்டாங்க. ஆறு கோடிக்கும் மேல மாணவர்கள் விவரம் எடுத்துட்டோம்னு திருடினவங்க சொல்லிக்கிட்டாங்க. கம்பெனி பணம் கொடுத்து அழிக்கச் சொல்லுச்சு, ஆனா 2025 மே மாசம் தனித்தனி ஸ்கூல் போர்டுகளுக்கே மிரட்டல் வந்துச்சு. அதுல டொரோன்டோ மாவட்டப் பள்ளி வாரியம் என்ன அறிவிச்சுதுன்னா, 1985-ல இருந்து 2024 வரைக்கும் படிச்ச மாணவர்களோட விவரம் அதுல மாட்டியிருக்கலாம்னு. 1985! டொரோன்டோவுல ஸ்கார்பரோ பக்கம் போய் இறங்கின நம்ம ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பசங்க எத்தன பேர் அந்த வாரியத்து ஸ்கூல்ல படிச்சவங்க, அவங்க இன்னைக்கு பிள்ளை பெத்து அந்தப் பிள்ளைங்களும் அங்கயே படிக்குது, அப்பனோட பழைய கணக்கும் பிள்ளையோட புதுக் கணக்கும் ஒரே கொள்ளையில போயிருக்கும். ஹேக்கர் கெட்டவன்தான், சரி. ஆனா 40 வருஷத்துக் கணக்க ஆன்லைன்ல எதுக்கு வச்சிருந்தாங்க? யாரும் அழிக்கச் சொல்லல, அவ்வளவுதான்.

அங்கயே இன்னொரு கதை, லாஸ் ஏஞ்சலஸ் டிஸ்ட்ரிக்ட்ல 2024 மார்ச்ல "எட்"னு ஒரு ஏஐ சாட்பாட்ட பெரிய விழா வச்சு ஆரம்பிச்சாங்க, ஒப்பந்தம் 60 லட்சம் டாலர் வரைக்கும். மூணு மாசம் ஆகல, செஞ்சு கொடுத்த கம்பெனி காசு இல்லன்னு பெரும்பாலான ஆளுங்கள வீட்டுக்கு அனுப்பிடுச்சு. பசங்க விவரம் என்ன ஆச்சுங்கற கேள்வி அதுக்கப்புறம்தான் வருது. லேர்ன்பிளாட்ஃபார்ம்னு ஒரு நிறுவனம் வருஷா வருஷம் எண்ணிப் பாத்து சொல்லுது, 2022-23-ல ஒரு அமெரிக்க டிஸ்ட்ரிக்ட்ல சராசரியா 2,591 டிஜிட்டல் டூல் புழக்கத்துல இருந்துச்சாம். நம்ம 11-க்கே மரத்தடியில நிக்கிறோம்! ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், அங்க எண்ணியாவது பாக்கறாங்க. நிறைய டிஸ்ட்ரிக்ட்ல இந்த ஆப்புக்கு அனுமதி உண்டு, இதுக்கு இல்லன்னு லிஸ்ட் போட்டு வெப்சைட்ல வச்சிருக்காங்க, எந்தப் பெத்தவங்களும் பாத்துக்கலாம்.

நம்ம பக்கமும் நடக்காம இல்ல. திக்ஷாவோட விவரம் இருந்த கிளவுட் சர்வர் ஒண்ணு பூட்டாம கிடந்து 10 லட்சத்துக்கும் மேல டீச்சர்கள், சுமார் 6 லட்சம் மாணவர்கள் விவரம் வெளிய தெரிஞ்சுதுன்னு 2023 ஜனவரியில செய்தி வந்துச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க விவரத்த எடுக்கணும்னா பெத்தவங்க சம்மதத்த சரிபாத்து வாங்கணும், குழந்தைங்க விஷயத்துல தப்பு பண்ணா அபராதம் 200 கோடி வரைக்கும் போகலாம்னு இருக்கு. 2025 நவம்பர்ல விதிகளும் வந்தாச்சு, முழுசா அமலுக்கு வர ஒன்றரை வருஷம் டைம் கொடுத்திருக்காங்க, ஸ்கூல்களுக்கு சில விலக்கும் உண்டு. சட்டம் வந்து கதவைத் தட்டும்போது எத்தன ஆப்ல எங்க பசங்க விவரம் இருக்குன்னே தெரியலங்கன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?

என்ன பண்ணலாம்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், ஸ்டாக் எடுக்கறது. 38 மாவட்டத்துக்கும் ஒரே நாள்ல பண்ண வேண்டாம், ஒரே ஒரு கல்வி மாவட்டத்த எடுங்க, ரெண்டு மாசம் டைம் கொடுங்க, தளவாடப் பதிவேடு மாதிரி ஒரு ரிஜிஸ்டர் போடுங்க. ஆப் பேரு, எந்த ஆபீஸ் கொண்டு வந்துச்சு, எந்தத் தேதி, எவ்வளவு செலவு, என்னென்ன தகவல் கேக்குது, அதே தகவல் ஏற்கெனவே எங்க இருக்கு, கடைசியா எப்ப யூஸ் ஆச்சு, நிறுத்தினா அந்தத் தகவல் எங்க போகும், யார் பொறுப்பு. ஒம்பது கட்டம். எங்களுக்கு 90 கட்டம் கொடுத்து நிரப்பச் சொன்னவங்களுக்கு ஒம்பது கட்டம் பெரிசில்ல. ஆனா தயவு செஞ்சு, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன், இந்தக் கணக்கெடுக்கறதுக்கு ஒரு புது ஆப் கொண்டாந்துடாதீங்க. இத டீச்சர்கள நிரப்பச் சொல்லியும் அனுப்பாதீங்க, கொண்டு வந்த ஆபீசே நிரப்பட்டும், டீச்சர் பண்ண வேண்டியது தன்னோட போனக் காட்டறது மட்டும்தான்.

அதுக்கப்புறம் ஒரு கண்டம் கமிட்டி. அதுல மேல இருக்கற அதிகாரிங்க இருக்கட்டும், ஆனா மலைப் பக்கத்து டீச்சர் ஒருத்தர் கட்டாயம் இருக்கணும், பள்ளி மேலாண்மைக் குழுவுல இருந்து ஒரு அம்மா இருக்கணும். ஒரு வருஷமா யாரும் தொறக்காத ஆப், கண்டம். ரெண்டு ஆப் ஒரே தகவல கேட்டா ஒண்ணு கண்டம், மீதி இருக்கறதுல இருந்து இன்னொரு ஆபீஸ் எடுத்துக்கட்டும், அது அவங்களுக்குள்ள பேசிக்க வேண்டிய விஷயம், கம்ப்யூட்டர் எதுக்கு இருக்கு. போர்ட்டல்ல இருக்கற தகவல வாட்ஸ்அப்ல கேக்கக் கூடாதுன்னு ஒரு சுற்றறிக்கை, அதுல முதன்மைக் கல்வி அலுவலர் கையெழுத்து. ஆன்லைன்ல ஏத்தினா நோட்டுல வேண்டாம், நோட்டுதான் வேணும்னா ஆன்லைன் வேண்டாம், ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. இனிமே புதுசா ஒரு ஆப் வந்தா அதோட முடியற தேதியும் அன்னைக்கே எழுதணும், பால் பாக்கெட்ல போடற மாதிரி. தனியார் ஸ்கூலும் இதே ரிஜிஸ்டர வச்சிருக்கணும், அங்கீகாரம் புதுப்பிக்கும்போது கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று கேக்கறீங்கள்ல, அதோட இதையும் கேளுங்க, பழைய வெண்டர்கிட்ட பசங்க விவரத்த அழிச்சதுக்கு எழுத்து மூலமா சான்று வாங்கினீங்களான்னு.

இத ஒரு வட்டார அதிகாரிகிட்ட பேச்சுவாக்குல சொன்னேன், நல்ல மனுஷர், என்கிட்ட முன்னாடி வேலை பாத்தவர்தான். "சார், மேல டாஷ்போர்டு பாக்கறாங்க சார், நம்ம ஒன்றியம் செவப்புல இருந்தா காலைல எட்டு மணிக்கு போன் வருது"ன்னார். அந்த செவப்பு பச்சைய எனக்குத் தெரியும். எந்த ஸ்கூல் ஏத்தல, எந்த ஸ்கூல் ஏத்தியாச்சுன்னு கலர் போட்டு குரூப்ல ஸ்க்ரீன்ஷாட் வரும், பேர் செவப்புல வந்துடக் கூடாதுன்னு எல்லாரும் ஏதோ ஒண்ண தட்டி விட்டுடறாங்க. அன்னைக்கு நடக்காத கூட்டத்துக்கு போன மாசத்து போட்டோ ஏறுது. பச்சை ஆயிடுது. அந்தப் பச்சையப் பாத்து மேல என்ன முடிவு எடுப்பாங்கன்னு நினைச்சா எனக்குக் கொஞ்சம் கவலையாத்தான் இருக்கு. செயல்வழிக் கற்றலுக்கு ஏபிஎல் கார்டு வந்தப்போ ட்ரே ட்ரேயா வந்துச்சு, எஸ்எஸ்ஏ-ங்கற அனைவருக்கும் கல்வி இயக்கத்துல கம்ப்யூட்டர் வந்துச்சு, எதையும் நாங்க வேண்டாம்னு சொல்லல, ஆனா கார்டு கிழிஞ்சா கிழிஞ்சதுன்னு ரிஜிஸ்டர்ல எழுதினோம், கம்ப்யூட்டர் ஓடலன்னா ஓடலன்னு எழுதினோம். பொய்ப் பச்சை அடிக்கல.

மருமகள்கிட்ட இந்தக் கடிதத்தப் படிச்சுக் காட்டினேன். ஸ்கூல் பேர், ஒன்றியம் பேர் எதுவும் போட வேண்டாம் மாமான்னு சொன்னா, அதனால போடல, நீங்களும் என் பேர போட வேண்டாம். அவ படிச்சுக்கிட்டு இருக்கும்போதே போன் டிங்குன்னுச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டரை மணி. ஒன்றிய குரூப்ல "மிக அவசரம்", ஒவ்வொரு பள்ளியிலும் பயன்படுத்தற செயலிகளோட விவரத்த இணைச்சிருக்கற கூகுள் ஷீட்ல நாளை காலை 10 மணிக்குள் நிரப்பவும்னு இருக்கும்னு நினைச்சு ஆசையா எட்டிப் பாத்தேன்.

செருப்பு சைஸ் கேட்டிருந்தாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவ ஏத்தினதாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்